மீதமுள்ள கருக்கள்: வைத்திருப்பதா, கரைய விடுவதா, ஆராய்ச்சிக்குத் தருவதா?

ஈரோட்டிலிருந்து ஒரு தம்பதி எழுதியிருந்தார்கள். ஐ.வி.எஃப். சிகிச்சையில் பிறந்த இரட்டைக் குழந்தைகள் இப்போது ஒன்றாம் வகுப்பு படிக்கிறார்கள். சிகிச்சை எடுத்த மையத்தில் இன்னும் நான்கு கருக்கள் உறைநிலையில் இருக்கின்றன. வருடா வருடம் ரினியூவலுக்கு மெசேஜ் வருகிறது. வந்த அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடுவதில்லையாம். "பணத்தைக் கட்டிவிட்டு, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம்" என்று முடித்திருந்தார்கள்.

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். எங்களுடையது மூன்று. 2019இல் உறைய வைத்தது. மகள் பள்ளிக்குப் போகிறாள். அந்த மூன்றைப் பற்றி நானும் கணவரும் வருடத்துக்கு ஒருமுறை பேச ஆரம்பித்துப் பாதியில் நிறுத்துவோம். நான் டாக்டர் இல்லை. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் சொல்லிக்கொடுப்பவள். கரு ஸ்டெம் செல் (உடலின் எந்தச் செல்லாகவும் மாறக்கூடிய செல்) ஆராய்ச்சி சரியா தவறா என்று வகுப்பில் பட்டிமன்றம்கூட நடத்தியிருக்கிறேன். சொந்தக் கருக்கள் டாங்கில் இருக்கும்போது அந்தப் பட்டிமன்றத்தின் தலைப்பே மாறிவிடுகிறது. "ஆராய்ச்சிக்காக ஒரு கருவை அழிக்கலாமா" என்று வகுப்பில் கேட்போம். வீட்டில் எழுகிற கேள்வி வேறு: பிறக்கப்போவதில்லை என்று நாமே முடிவுசெய்துவிட்ட கருவை எப்படி வழியனுப்புவது?

முதலில் சட்டம் எதை விடுகிறது

இன்னொரு குழந்தை வேண்டும் என்ற எண்ணம் உங்களில் ஒருவருக்குத் துளி இருந்தாலும் இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள். சட்டப்படி பெண்ணுக்கு 50 வயதுக்குள்ளும் ஆணுக்கு 55 வயதுக்குள்ளும்தான் இந்தச் சிகிச்சை. அந்த எண்ணம் இரண்டு பேருக்கும் இல்லை என்றால் மேலே படிக்கலாம்.

செயற்கைக் கருத்தரிப்பு முறைகளை ஒழுங்குபடுத்தும் 2021ஆம் ஆண்டுச் சட்டம் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒரு கருவை அதிகபட்சம் பத்து ஆண்டு வைத்திருக்கலாம். பத்தாண்டு முடிந்தால் இரண்டே வழி: கரைய விடவேண்டும், அதாவது உறைநிலையிலிருந்து எடுத்து அழிய விடவேண்டும், அல்லது தம்பதியின் ஒப்புதலோடு, அதே சட்டத்தின்கீழ் பதிவுபெற்ற ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தரவேண்டும். விற்கக் கூடாது. ஆராய்ச்சிக்கென்று வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது.

"குழந்தை இல்லாத வேறு யாருக்காவது கொடுத்துவிட்டால் என்ன?" என்று பலரும் கேட்கிறார்கள். என் மாமியார் முதலில் கேட்டதும் இதைத்தான். அமெரிக்காவில் அது நடக்கிறது. 1997இலிருந்து "ஸ்னோஃப்ளேக்ஸ்" என்ற பெயரில் ஒரு கிறிஸ்தவத் தத்து நிறுவனம் உறைந்த கருக்களைத் தத்துக் கொடுக்கிறது. 2006இல் கரு ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்கு அரசுப் பணத்தைக் கூட்டும் மசோதாவை அதிபர் புஷ் நிராகரித்தபோது, அப்படிப் பிறந்த குழந்தைகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டுதான் பேசினார். இங்கே சட்டத்தின் 29ஆம் பிரிவு, கருவை இன்னொருவருக்கு மாற்றுவதைத் தடுக்கிறது. சொந்தப் பயன்பாட்டுக்கு எடுத்துச் செல்வதற்கு மட்டும், அதுவும் தேசிய வாரியத்தின் அனுமதியோடு, விலக்கு. ஆகவே அந்தக் கதவு இப்போதைக்கு மூடியிருக்கிறது. மிச்சம் மூன்று வழி.

எதை வைத்து எடை போடுவது

நாங்கள் ஒரு பழைய டைரியில் ஐந்து கேள்விகள் எழுதிவைத்தோம். ஒன்று, அந்தக் கரு நமக்கு யார்? பிள்ளையா, பிள்ளையாகக்கூடிய ஒன்றா, வெறும் செல்களா? இரண்டு, எடுத்த முடிவைத் திரும்பப் பெற முடியுமா? மூன்று, பணம், இன்று கட்டுவது மட்டுமில்லை, பின்னால் வருவதும். நான்கு, இதனால் யாருக்காவது ஏதாவது பயன் உண்டா? ஐந்து, இருவரும் ஒரே தாளில் மனதாரக் கையெழுத்துப் போட முடியுமா?

முதல் கேள்விதான் மற்ற நான்கையும் இழுத்துக்கொண்டு போகிறது. அதனால் அதற்கு மட்டும் கொஞ்சம் இடம் தருகிறேன்.

உறைந்திருப்பது பெரும்பாலும் ஐந்தாம் நாள் கரு. பிளாஸ்டோசிஸ்ட் என்பார்கள். நூறு, இருநூறு செல் கொண்ட வெற்றுப் பந்து. ஊசி முனையளவுகூட இருக்காது. உள்ளே ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு கொத்துதான் குழந்தையாக வளரக்கூடியது, வெளிச்சுவர் நஞ்சுக்கொடியாகும். நரம்பும் இல்லை, ரத்தமும் இல்லை. ஏறத்தாழ 14ஆம் நாள்வரை ஒரு கரு இரண்டாகப் பிரிந்து இரட்டையராகலாம். அதுவரை "ஒரு ஆள்" என்று எப்படிச் சொல்வது என்று ஒரு தரப்பு கேட்கிறது. கருவை ஆய்வகத்தில் வளர்ப்பதற்குப் பிரிட்டனில் வார்னாக் குழு 1984இல் பரிந்துரைத்த 14 நாள் வரம்பு இந்த இடத்தில்தான் கோடு போட்டது. இந்திய ஸ்டெம் செல் வழிகாட்டுதல்களும் அதே வரம்பைத்தான் வைத்திருக்கின்றன.

மறுதரப்பு: விந்தும் முட்டையும் சேர்ந்த நொடியிலிருந்து அது ஒரு மனித உயிர், இடையில் எங்கே கோடு போட்டாலும் அது நம் வசதிக்குப் போட்ட கோடு. கத்தோலிக்கத் திருச்சபையின் நிலை இதுதான், அவர்கள் ஐ.வி.எஃப்.பையே ஏற்பதில்லை, எனவே அவர்கள் வாதத்தில் முரண் இல்லை. சிகிச்சையை மட்டும் எடுத்துக்கொண்டு ஆராய்ச்சியை மட்டும் பாவம் என்று சொல்பவர்களிடம்தான் எனக்குச் சிக்கல். இஸ்லாமிய அறிஞர்களில் பலர் 120ஆம் நாளில்தான் ஆன்மா ஊதப்படுகிறது என்று கொள்கிறார்கள். ஈரானின் ரோயான் நிறுவனம் 2003இலேயே சொந்தமாகக் கரு ஸ்டெம் செல் வரிசையை (ஒரே கருவிலிருந்து எடுத்து ஆய்வகத்தில் பெருக்கிக்கொண்டே போகும் செல்களை) உருவாக்கிவிட்டது. யூத மரபில் முதல் நாற்பது நாள் கருவை நீராகவே எண்ணுவார்கள்.

நம் பக்கம் ஒரே தீர்ப்புச் சொல்லும் பீடம் கிடையாது. உயிர் சேர்ந்தால்தான் கருவே உண்டாகிறது என்பது ஆயுர்வேத மரபு. மாணிக்கவாசகர் போற்றித் திருவகவலில் தாய் வயிற்றில் மாதம் மாதமாக உயிர் எதிலிருந்தெல்லாம் தப்பிப் பிழைத்து வருகிறது என்று அடுக்குகிறார். என் அப்பா அதைச் சொல்லிவிட்டு, "அவர் வயித்துக்குள்ள இருக்கறதத்தானம்மா எண்ணுறார், டாங்குல இருக்கறத எண்ணலையே" என்றார். அவர் கேலியாகச் சொன்னாரா, ஆறுதலாகச் சொன்னாரா, எனக்கு இன்றுவரை தெரியாது.

வழி ஒன்று: வைத்துக்கொண்டே இருப்பது

இதைப் பெரும்பாலோர் முடிவு என்றே நினைப்பதில்லை. தள்ளிப்போடுகிறோம் என்று நினைக்கிறார்கள். சட்டத்தில் பத்தாண்டு என்று போட்டபிறகு அதுவும் ஒரு முடிவுதான்.

கருவுக்கு இதனால் கேடு இல்லை. திரவ நைட்ரஜனில், சைபருக்குக் கீழே 196 டிகிரியில், வேதிவினை எதுவும் நடப்பதில்லை. 1994இல் உறைய வைத்த கருவிலிருந்து 2025இல் அமெரிக்காவின் ஒஹாயோவில் ஒரு குழந்தை பிறந்தது. ஆக, பத்தாண்டு என்பது கருவின் ஆயுள் இல்லை, சட்டத்தின் ஆயுள். பிரிட்டனிலும் முதலில் ஐந்தாண்டு என்று வைத்திருந்தார்கள். 1996 ஆகஸ்டில் கெடு முடிந்து, தம்பதிகளிடமிருந்து பதில் வராத கருக்கள் சுமார் 3,300 அழிக்கப்பட்டன. இப்போது அங்கே பத்தாண்டுக்கு ஒருமுறை ஒப்புதலைப் புதுப்பித்து 55 ஆண்டுவரை வைக்கலாம்.

(ஒரு சின்ன விலகல். இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை, 1978 அக்டோபரில் கொல்கத்தாவில் பிறந்த துர்கா, உறைய வைத்த கருவிலிருந்து வந்தவள். டாக்டர் சுபாஷ் முகர்ஜி அந்தக் கருவை 53 நாள் உறைய வைத்திருந்தார். அரசுக் குழு அவரை நம்பவில்லை. 1981இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். ஃப்ரீசர் என்றதும் எனக்கு அவர் நினைவுதான் வரும்.)

மறைந்திருக்கும் செலவுகளைச் சொல்லவேண்டும். ஆண்டுக் கட்டணம் மையத்துக்கு மையம் வேறு, ஏறிக்கொண்டும் போகும். முகவரி மாறி, போன் எண் மாறி, மையம் கைமாறி, கடைசியில் யாரிடம் கேட்பது என்றே தெரியாமல் போகலாம். டாங்க் பழுதாகலாம், 2018இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் நகரில் ஒரே வாரக்கடைசியில் 4,000க்கும் மேற்பட்ட முட்டைகளும் கருக்களும் கெட்டுப்போயின. இதைவிட முக்கியம், உங்களில் ஒருவர் இறந்துபோனாலோ பிரிந்துபோனாலோ என்ன என்பது. உறைய வைக்கும்போதே அதற்கு எழுத்துமூலம் ஒப்புதல் வாங்கச் சட்டம் சொல்கிறது. நாங்களும் அன்று கையெழுத்துப் போட்டிருக்கிறோம். எதில் போட்டோம் என்று இருவருக்கும் நினைவில்லை. நகல் கேட்டு வாங்கியபோதுதான் படித்தோம்.

யாருக்கு இது சரி? முப்பதுகளில் இருப்பவர்கள், குழந்தை இன்னும் கைக்குழந்தையாக இருப்பவர்கள், இருவரில் ஒருவர் மனம் இன்னும் ஆறாதவர்கள். இரண்டு வருடம், மூன்று வருடம் பொறுப்பதில் தப்பே இல்லை. எட்டாம் வருடம் தாண்டியும் பேசாமல் கட்டிக்கொண்டிருந்தால், முடிவை மையத்தின் கையில் ஒப்படைக்கிறீர்கள்.

வழி இரண்டு: கரைய விடுவது

கரு இருக்கும் ஸ்ட்ராவை, அதாவது மெல்லிய குழாயை, நைட்ரஜனிலிருந்து வெளியே எடுத்து, வளர்ப்பு ஊடகத்தில் (கருவை வளர்க்கும் திரவத்தில்) வைக்காமல் அறை வெப்பத்தில் விட்டுவிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் செல்கள் இறந்துவிடும். அவ்வளவுதான். மருத்துவக் கழிவு விதிகளின்படி மனிதத் திசு மஞ்சள் பைக்குப் போய் எரிக்கப்படும். இதை மென்மையாகச் சொல்ல வழி தேடினேன், கிடைக்கவில்லை.

செலவு கிட்டத்தட்ட இல்லை. சுத்தமாக முடிந்துவிடும். பின்னாளில் யாரும் எதையும் கேட்கப்போவதில்லை. கருவை ஒரு உயிராகப் பார்ப்பவர்களில் சிலருக்குக்கூட இது ஒப்புகிறது: இயற்கையிலும் எத்தனையோ கருக்கள் பதியாமலே போய்விடுகின்றன, இதுவும் அப்படிப் போகட்டும், நாம் கைவைத்துப் பிரித்துப் பார்க்கவேண்டாம் என்பது அவர்கள் எண்ணம்.

மறைந்திருக்கும் செலவு மனதில். ஒரு தோழி கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த மறுவாரம், "எந்த நாள் எடுத்தாங்கன்னு தெரிஞ்சிருந்தா அன்னிக்கு ஒரு விளக்காவது ஏத்தியிருப்பேன்" என்றாள். எனவே தேதியைக் கேட்டு வாங்குங்கள். உடன் இருக்க விடுவார்களா என்றும் கேட்கலாம்; இல்லை என்றுதான் சொல்வார்களே, அதில் நமக்கென்ன நஷ்டம்.

வழி மூன்று: ஆராய்ச்சிக்குத் தருவது

இதற்குத்தான் பட்டிமன்றமே. இதில்தான் தெரிந்துகொள்ளவேண்டியதும் அதிகம்.

1998இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன் முதல்முறையாக மனிதக் கருவிலிருந்து ஸ்டெம் செல் வரிசைகளை எடுத்தார். தம்பதிகள் தந்த 36 கருக்கள். அவற்றில் 20 பிளாஸ்டோசிஸ்டாக வளர்ந்தன. 14இல் உள் செல் கொத்தைப் பிரித்தெடுத்தார்கள். கடைசியில் தேறியவை ஐந்து வரிசைகள். பிரித்தெடுக்கும்போது கரு அழிகிறது. அதை எந்தச் சொல்லாலும் மூடி மறைக்கக் கூடாது. வரிசை தேறிவிட்டால் அந்தச் செல்கள் ஆய்வகத்தில் முடிவில்லாமல் பெருகும், உடலின் எந்தச் செல்லாகவும் மாற்றலாம்.

அந்த ஐந்தில் ஒன்று எச்9. பார்கின்சன் நோயாளிகள் 12 பேருக்கு ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த மூளைச் செல்களைப் பொருத்திய சோதனை ஒன்றின் முதல் கட்ட முடிவு 2025இல் நேச்சர் இதழில் வந்தது. அந்தச் செல்களுக்கு மூலம் எச்9. முதல் கட்டத்தில் பார்த்தது பாதுகாப்பைத்தான், அதில் தேறியது. அதே ஆண்டு வந்த இன்னொரு சோதனையில், கரு ஸ்டெம் செல்லிலிருந்து உருவாக்கிய கணையச் செல்களை முழு அளவு பெற்ற முதல் வகைச் சர்க்கரை நோயாளிகள் 12 பேரில் 10 பேருக்கு ஒரு வருடம் கழித்து இன்சுலின் ஊசி தேவைப்படவில்லை. எதிர்ப்புசக்தியை அடக்கும் மருந்தை மட்டும் விடாமல் எடுக்கவேண்டும். யாரோ ஒரு தம்பதி இருபத்தைந்து வருடத்துக்கு மேல் முன்னால் ஒரு படிவத்தில் போட்ட டிக் இத்தனை தூரம் வந்திருக்கிறது.

இதைப் படித்ததும் எனக்கு உடனே கையெழுத்துப் போடத் தோன்றியது. அப்புறம் 36, 5 என்ற கணக்கு நினைவுக்கு வந்தது. தரும் கருக்களில் பெரும்பாலானவை எந்த வரிசையும் ஆவதில்லை. ஆராய்ச்சி என்ற சொல்லுக்குள் பலதும் அடங்கும்: செல் வரிசை உருவாக்குவது, ஆரம்பகால வளர்ச்சியைப் பார்ப்பது, புது வளர்ப்பு ஊடகத்தைச் சோதிப்பது. இதில் உங்களுடையது எதற்கு என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ளவேண்டும்.

இந்தியாவில் இந்த வேலை நடக்கவே இல்லை என்று நினைக்கவேண்டாம். பெங்களூரு ஜவாஹர்லால் நேரு ஆய்வு மையத்தில் மனீஷா இனாம்தார் குழு இரண்டு வரிசைகளை உருவாக்கி 2009இல் வெளியிட்டது. அந்தக் கருக்கள் மூன்றாம் தரம் என்று ஒதுக்கப்பட்டவை. இந்தத் தகவல் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது. உறைய வைக்கத் தேறிய கருவுக்குத்தான் நாம் இத்தனை யோசிக்கிறோம். தரம் குறைவு என்று ஐந்தாம் நாளே குப்பைக்குப் போனவற்றைப் பற்றி எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்களுக்கு ஆறு போயின. அன்று நாங்கள் அதை "ரிசல்ட்" என்றுதான் சொன்னோம். கரு புனிதம் என்பது உண்மையானால் அந்த ஆறும் கணக்கில் வரவேண்டும் அல்லவா?

நம்மவர்கள் தருவதற்குக் கூடுதலாக ஒரு காரணம் உண்டு. உலகில் பரவலாகப் பயன்படும் கரு ஸ்டெம் செல் வரிசைகள் பெரும்பாலும் ஐரோப்பிய, மத்தியக் கிழக்கு வம்சாவளியினருடையவை. தெற்காசிய மரபணு அதில் மிகக் குறைவு என்று பத்துப் பதினைந்து வருடம் முன்பே ஆய்வுகள் காட்டிவிட்டன.

*"எப்படியும் அழியப்போவதுதானே" என்ற வாதம்*

ஆராய்ச்சிக்கு ஆதரவாகப் பேசுபவர்கள் எல்லோரும் இதைத்தான் முதலில் எடுப்பார்கள். இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. எப்படியும் சாகப்போகிறவர் என்பதற்காக ஒருவரை நாம் எதுவும் செய்துவிட முடியாது. தமிழ்நாட்டில் உறுப்பு தானத்தை எல்லோரும் பெருமையாகச் சொல்கிறோம். 2008இல் மூளைச்சாவு அடைந்த மகனின் உறுப்புகளை ஒரு மருத்துவத் தம்பதி தானம் தந்ததிலிருந்து அது இங்கே மக்கள் இயக்கம் மாதிரி ஆனது. அதையும் இதையும் ஒன்றாக வைத்துப் பேசுகிறார்கள். ஆனால் அங்கே மரணம் தானாக வந்தது. இங்கே தேதியை நாம் குறிக்கிறோம்.

சரி, அப்படியானால் வாதம் விழுந்துவிட்டதா? என் கணக்கில் இல்லை. கருவை முழு மனிதனாக நினைப்பவருக்கு ஆராய்ச்சி மட்டும் இல்லை, கரைய விடுவதும் தவறாகத்தான் இருக்கவேண்டும். அவருக்கு உள்ள ஒரே நேர்மையான வழி, அத்தனையையும் கர்ப்பப்பையில் வைத்துக்கொள்வது. கரைய விடலாம் என்று ஒருவர் ஒப்புக்கொண்டபிறகு, ஆராய்ச்சியை மட்டும் தனியாகத் தவறு என்று சொல்ல வேறு காரணம் வேண்டும்.

அப்படி ஒரு காரணம் இருக்கவே செய்கிறது. கருவுக்குத் தேவை இருக்கிறது என்றால், வேண்டுமென்றே அதிகம் உருவாக்கும் ஆசை வரும். தென்கொரியாவின் ஹ்வாங் ஊ-சுக் விவகாரத்தை வகுப்பில் சொல்வேன்: குளோனிங் கருக்களிலிருந்து ஸ்டெம் செல் எடுத்ததாக 2004, 2005இல் அவர் வெளியிட்டவை பொய் என்று தெரிந்தது, முட்டைகளைப் பணம் கொடுத்தும், தன் கீழே வேலை பார்த்த பெண்களிடமிருந்தும் வாங்கியிருந்தார். ஆகவே உங்களுக்குச் சிகிச்சை தரும் டாக்டரும் கருவைக் கேட்கும் ஆராய்ச்சியாளரும் ஒருவராக இருக்கக் கூடாது. ஒருவரேதான் என்றால், எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

*"அதுதான் ஐ.பி.எஸ். வந்துவிட்டதே"*

போலீஸ் இல்லை. ஜப்பானின் ஷின்யா யமனாக்கா 2006இல் எலியிலும் 2007இல் மனிதரிலும், நான்கு மரபணுக்களைச் செலுத்திச் சாதாரணத் தோல் செல்லை ஸ்டெம் செல்லாகப் பின்னோக்கித் திருப்பிக் காட்டினார். 2012இல் நோபல். வேலூரில் சி.எம்.சி. வளாகத்தில் உள்ள ஸ்டெம் செல் ஆய்வு மையமும் இந்த வகைச் செல்களில் வேலை செய்கிறது. கருவே தேவையில்லாத வழி இருக்கும்போது கரு எதற்கு என்ற கேள்வி நியாயமானது. ஆராய்ச்சிக்குத் தரத் தயங்குபவர்களுக்கு இது நல்ல ஆறுதலும்கூட. நீங்கள் மறுத்தால் அறிவியல் நின்றுவிடாது. ஆனாலும் ஐ.பி.எஸ். செல் சரியாக வந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோல் இன்னும் கரு ஸ்டெம் செல்தான். கரு முதல் வாரத்தில் எப்படி வளர்கிறது, ஏன் பதியாமல் போகிறது என்பதைப் பார்க்கத் தோல் செல் முழுமையாக உதவாது. நம்மைப் போன்றவர்கள் ஐ.வி.எஃப். வாசலுக்கு வந்ததே அந்தக் கேள்வியால்தான்.

*மறைந்திருக்கும் செலவு*

பணம் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது, அது குற்றம். நாளை ஒரு கம்பெனி அந்த வரிசையிலிருந்து மருந்து தயாரித்து லாபம் பார்த்தாலும் உங்களுக்குப் பங்கில்லை. வரிசை உருவாகிவிட்டால் ஒப்புதலைத் திரும்பப் பெற்று ஆகப்போவது ஒன்றுமில்லை. அது பல ஆய்வகங்களுக்குப் பிரிந்து போயிருக்கும். பெயரை நீக்கிவிடுவார்கள் என்றாலும் மரபணு மரபணுதான். அதில் பாதி உங்களுடையது, பாதி உங்கள் துணையுடையது. உங்கள் குழந்தையின் உடன்பிறப்பு ஒன்றின் செல்கள் உங்கள் காலத்துக்குப் பிறகும் எங்கோ வளர்ந்துகொண்டிருக்கும். சிலருக்கு இது சந்தோஷம், சிலருக்குத் தூக்கம் கெடும். என் கணவர் இரண்டாவது ரகம். மூன்று மாதம் ஆனது அவருக்கு.

ஒரே பார்வையில்

| | வைத்திருப்பது | கரைய விடுவது | ஆராய்ச்சிக்குத் தருவது |
|---|---|---|---|
| மாற்ற முடியுமா | முடியும், பத்தாண்டுவரை | முடியாது | வேலை தொடங்கும்வரை முடியும் |
| பணம் | ஆண்டுதோறும் | பெரிதாக இல்லை | செலவும் இல்லை, வரவும் இல்லை |
| பயன் | உங்களுக்கு அவகாசம் | மனதுக்கு ஒரு முடிவு | பிறருக்கு, அதுவும் நிச்சயமில்லை |
| பெரிய ஆபத்து | கெடு முடிவது, தொடர்பு அறுவது | பின்னால் வரும் வருத்தம் | பெயருக்கு மட்டும் ஆராய்ச்சி |

அந்தக் கடைசிக் கட்டம்

பெயருக்கு மட்டும் ஆராய்ச்சி என்று ஏன் எழுதினேன் என்று சொல்லவேண்டும். எங்கள் ஒப்புதல் படிவத்தில் "ஆராய்ச்சிக்கு" என்று ஒரு கட்டம் இருந்தது. 2019இல் நாங்கள் அதில்தான் டிக் போட்டிருந்தோம் என்று நகல் வந்தபோது தெரிந்தது. மையத்துக்கு போன் செய்து, எந்த நிறுவனத்துக்குப் போகும் என்று கேட்டேன். எடுத்த பெண் பொறுமையானவர். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல மேடம், கேட்டுச் சொல்றேன்" என்றார். இரண்டு வாரம் கழித்துத் திரும்ப அழைத்தார். எந்த ஆய்வு நிறுவனத்தோடும் அவர்களுக்கு ஒப்பந்தம் இல்லை. டிக் போட்டவர்களின் கருக்களும் கடைசியில் அதே மஞ்சள் பைக்குத்தான்.

கோபம் வந்தது என்று சொல்லமாட்டேன். பல வருடம் மனதுக்குள் நடத்திய பட்டிமன்றம், இல்லாத ஒரு கதவைப் பற்றியது என்று தெரிந்தபோது ஒரு மாதிரி இருந்தது. இந்த விவாதத்தில் மதமும் தத்துவமும் பேசுபவர்கள் நிறைய. அந்தக் கட்டத்துக்குப் பின்னால் ஒரு முகவரி இருக்கிறதா என்று கேட்பவர்கள் குறைவு.

எனவே ஆராய்ச்சி என்று முடிவெடுப்பவர்கள் கேட்கவேண்டியவை: நிறுவனத்தின் பெயர், இந்தச் சட்டத்தின்கீழ் அதன் பதிவு எண், எந்த வகை ஆராய்ச்சி, நெறிமுறைக் குழு அனுமதி தந்திருக்கிறதா, தரும் நேரத்தில் தனியாகப் புது ஒப்புதல் வாங்குவார்களா, கேட்பவர் நம் டாக்டரா வேறு ஆளா. பதில் எழுத்தில் வரவேண்டும். கர்ப்பத்துக்கு முன் மரபணுச் சோதனை செய்து, நோய் இருப்பதாகத் தெரிந்து ஒதுக்கிய கருக்கள் உங்களிடம் இருந்தால் இன்னும் அழுத்திக் கேளுங்கள். அந்த நோயை ஆய்வகத்தில் ஆராய அவை அரிதாகக் கிடைக்கும் வாய்ப்பு.

ஈரோட்டுத் தம்பதிக்கு நான் எழுதியது இது. எத்தனையாவது வருடம் என்று பாருங்கள். எட்டுக்குள் என்றால் இந்த ஒரு ரினியூவலை நிம்மதியாகக் கட்டிவிட்டு, படிவத்தின் நகலை வாங்குங்கள். ஆராய்ச்சி என்ற எண்ணம் இருவருக்கும் ஒத்துவந்து, பதில்களும் எழுத்தில் வந்தால் தாருங்கள்; என் ஓட்டு அதற்குத்தான். ஒருவருக்கு மட்டும் உறுத்தினால் வேண்டாம், கரைய விடுங்கள். பதில் வராவிட்டாலும் கரைய விடுவதுதான். எப்படியும் அதுதான் நடக்கப்போகிறது, அதை நீங்கள் தெரிந்தே செய்யலாம்.

எங்கள் படிவத்தில் இப்போது கையால் எழுதிய இரண்டு வரி கூடுதலாக இருக்கிறது. "பெயர் குறிப்பிட்ட, பதிவுபெற்ற ஆய்வு நிறுவனத்துக்கு மட்டும். இல்லையென்றால் கரைய விடவும். தேதியை முன்கூட்டித் தெரிவிக்கவும்." கீழே இருவர் கையெழுத்து. மேலாளர் அதை வாங்கிப் படித்துவிட்டு, ஃபைலில் எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.